திருப்பிப் போட்ட கீறல்

பறக்காத விமானத்துக்கு அழுக்கு பூசுவது ஒரு தொழில் என்று சொன்னால் எந்தக் கல்யாணத் தரகரும் நம்ப மாட்டார். நான் அதைத்தான் ஒன்பது வருஷம் செய்தேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு செல்போன் கடை மாடியில், ரவி சார் மூன்று கம்ப்யூட்டர் போட்டு நடத்திய இடம். உலகப் போர்க் காலத்து விமானங்களையும் டாங்கிகளையும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓட்டி மகிழ்கிறவர்கள் வெளிநாடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவற்றின் உருவத்தை ரவி சார் செய்வார். அதன் மேல் போர்த்துகிற பெயின்ட், எண், ஆணி, துரு, அழுக்கு எல்லாம் என் பொறுப்பு. அதற்கு ஸ்கின் என்று பேர். கண் எரிய, கழுத்து பிடிக்க வேலை செய்துவிட்டு, நாள் பூரா கம்ப்யூட்டரில் விளையாடுகிறாள் என்று வீட்டில் பேச்சும் வாங்குகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அழுக்கு போதவில்லை

முதல் விமானத்தைக் கல்யாண ஊர்வலத்துக் கார் மாதிரி பளபளவென்று செய்து அனுப்பினேன். கனடாக்காரர் ஒருவர், இது ஒரு நாள்கூட வெளியே நின்ற விமானம் இல்லை என்று திருப்பி அனுப்பினார். அழுக்கைக் கற்பனை பண்ணாதே, போய்ப் பிடித்து வா என்று ரவி சார் கேமராவைக் கொடுத்தார். பொம்மையார்பாளையத்துப் படகுகளில் பெயின்ட் உரிந்த இடம், டவுன் பஸ் படிக்கட்டு, மில் ஷட்டரின் துரு என்று அலைந்து பிடித்தேன். எங்கள் டிஸ்க்கில் இடம் கிடையாது. வேண்டிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கேமராப் படத்தை அழித்துவிடுவோம்.

நிறையப் பிடித்தது என் அண்ணன் ஏழுமலையின் லாரியில். பனமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றுகிற சொந்த லாரி. சின்ன வயதில் மோட்டார் கொட்டகை மேலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது கால் சரியில்லை, இழுத்துத்தான் நடப்பான். ஏறும்போது அந்தச் செருப்புக் கால் கதவுக்குக் கீழே, படியை ஒட்டிய தகட்டில் உரசிக்கொண்டே போகும். பத்து வருஷத்தில் அங்கே பெயின்ட் போய், அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கீறல் வெள்ளையாக மின்னியது. அதைப் படம் பிடித்தபோது அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்தான்.

"என் காலு தேச்ச எடத்துல வெள்ளைக்காரன் ஏறுவானா?"

கண்ணாடிப் பக்கம்

விமானத்தின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்தால் கோப்பு பெரிதாகிவிடும். அதனால் இடது பக்கத்தை மட்டும் வரைந்து, அதையே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வலது பக்கத்துக்கும் ஒட்டிவிடுவோம். ஒரே பொத்தான், ஒரு நொடி வேலை. எழுத்தும் எண்ணும் இடவலம் மாறிவிடும் என்பதால் அவற்றை மட்டும் தனியாகப் போட வேண்டும். ஒரு முறை, ஒரு ஜெர்மன்காரரின் விமானத்தில், அதை மறந்துபோனேன்.

அதைக்கூட மன்னித்த அந்த ஜெர்மன்காரர் வேறொன்றைக் கேட்டார். இடது பக்கத்தில் இருக்கிற குண்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, ஆணி விட்டுப்போன இடம் எல்லாம் வலது பக்கத்திலும் இம்மி பிசகாமல் இருக்கின்றனவே, அது எப்படி? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை என்று பதில் போட்டேன். அவர் ஒரே வரி எழுதினார்.

"நான் கவனித்துவிட்டேன், இனிமேல் அந்த விமானத்தில் தனியாக ஏற எனக்குப் பயமாக இருக்கிறது."

யார் சொன்னது

இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர், தன் அப்பா போரில் ஓட்டிய ஸ்பிட்ஃபயர் விமானம் அதே எண்ணோடு வேண்டும் என்று எழுதினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மங்கிய படம், அதிலும் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. மீதி உங்கள் இஷ்டம் என்றார். அந்த விமானத்தில் இடது பக்கமாக ஏற வேண்டும். லாரியில் அண்ணன் ஏறுவது வலது பக்கம். ஆகவே அண்ணனின் கீறலைத் திருப்பிப் போட்டு, விமானி கால் வைக்கிற இடத்தில் ஒட்டினேன். திருப்பிய துண்டையே சேமித்தும் வைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஒரு விபத்தில் வலது கால் முடமானதும், அதை இழுத்துக்கொண்டே விமானத்தில் ஏறியதும் தங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, உனக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தார். அண்ணனுக்கு இடது கால், அவருக்கு வலது கால்; நான் திருப்பிப் போட்டதில் சரியாகப் பொருந்திவிட்டது. வீட்டில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்த ஆள் கடைசியில் வீடு திரும்பினாரா, கேட்டுச் சொல் என்றான். கேட்டேன். வந்த பதிலை அண்ணனிடம் காட்டவில்லை, அவர் நன்றாக வாழ்ந்து வயதாகிப் போனார் என்று பொய் சொல்லிவிட்டேன். பெரியவர் எழுதியிருந்தது இதுதான்.

"இல்லை, ஒரு நாள் விடியலில் புறப்பட்டுப் போனார், அவரும் வரவில்லை, விமானத்தில் ஒரு தகடும் வரவில்லை."

மாற்ற முடியாத அடையாளம்

அடுத்த மார்கழியில் அண்ணன் காணாமல் போனான். விருத்தாசலத்தில் மூட்டைகளை ஒழுங்காக இறக்கியிருக்கிறான். விடியற்காலையில் காலி லாரியோடு கிளம்பியவன் வீடு வரவில்லை, போனும் அணைந்துவிட்டது. அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். லாரி திருடுகிறவர்கள் நம்பரை மாற்றிவிடுவார்கள், பெயின்டையும் மாற்றிவிடுவார்கள், மாற்ற முடியாத அடையாளம் ஏதாவது உண்டா என்று ஏட்டு கேட்டார். இந்த ஊரில் என்னைத் தவிர யாரிடம் இருக்கும்? ஓடிப்போய், கம்ப்யூட்டரில் இருந்த கீறலை அசல் அளவில் கலரில் அச்செடுத்து, மேல் பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஏட்டு போன் செய்தார். விழுப்புரம் தாண்டி ஒரு பழைய இரும்புக் கடையில் பிரித்துப் போட்ட லாரி ஒன்று இருக்கிறதாம். எஞ்சினும் சேஸும் பேர் எழுதிய முகப்பும் போய்விட்டன, ஓட்டுநர் பக்கக் கேபின் மட்டும் நிற்கிறது. என் படத்தை அந்தத் தகட்டின் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் முடிவைச் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. லாரி உடையவில்லை என்றால் அண்ணனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"படத்துல கோடு எஞ்சின் பக்கம் வளையுது, அங்க இருக்கிறது பின்பக்கம் வளையுது, அது உங்க அண்ணன் வண்டி இல்லம்மா, தெம்பா இருங்க."

பொய்ப் பக்கம்

அதன் பிறகு ஒன்றரை வருஷம் ஒரு தகவலும் இல்லை. ஆனால் அண்ணனின் கால் பட்ட இடம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கீறலை நான் பத்துப் பதினைந்து விமானங்களில் ஒட்டியிருந்தேன். ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் யார் யாரோ தங்கள் விமானம் மேகத்துக்கு நடுவில் பறக்கிற படத்தை ஆசையாக அனுப்புவார்கள். உள்ளே விமானி தெரிய மாட்டார். ஏறின கால் மட்டும் தெரியும். ரவி சார் பார்க்காதபோது அந்தப் படங்களை மூடிவிடுவேன்.

இங்கிலாந்துப் பெரியவர் மறுபடி எழுதினார். தேய்மானத்தை வலது பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். விமானத்தைத் திரையில் சுற்றி, வலது பக்கத்தை முன்னால் கொண்டுவந்தேன். விமானத்தின் மூக்கு என் வலக்கைப் பக்கம், கீறல் வால் பக்கமாக இடப்புறம் வளைந்திருந்தது. லாரிக்கு வெளியே நின்று கேமராவைப் பிடித்தபோது நான் பார்த்தது இதைத்தான். அப்படியானால் ஸ்டேஷனில் கொடுத்தது? அதை அச்செடுத்த துண்டைத் திறந்து பார்த்தேன். விமானத்துக்காக நான் திருப்பிப் போட்டிருந்த கீறல் அது. ஜெர்மன்காரரைப் பயமுறுத்திய அதே வேலையை என் அண்ணனுக்கும் செய்திருந்தேன். பெரியவரின் கடிதம் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

"வலது பக்கம் இருப்பது பொய், அப்பா அந்தப் பக்கமாக ஏறியதே இல்லை."

தொட்டி மூடி

மறுநாள் காலையிலேயே அந்த இரும்புக் கடைக்குப் போனேன். கேபின் இல்லை, எப்போதோ வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். கடைக்காரரிடம் கீறலைத் தரையில் வரைந்து காட்டினேன். அவர் என்னைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக அந்தத் தகடு கிடந்தது. பின்பக்கம் வளைந்த கீறல், வெயிலில் மின்னிக்கொண்டு. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

எந்தத் திருடன் கொண்டுவந்து விற்றான் என்று கேட்டேன். திருடன் இல்லை, ஓட்டிவந்தவரே விற்றார், இடது காலை இழுத்து இழுத்து நடந்தார் என்றார். வண்டி முன்பக்கம் நசுங்கி, ரத்தம் காய்ந்திருந்ததாம். பனியில் ஒரு ஆளை அடித்துவிட்டேன், நிற்காமல் வந்துவிட்டேன் என்று சொல்லி அழுதாராம். போலீஸ் படத்தோடு வந்தபோது கோடு ஒத்துப் போகவில்லை, அதனால் அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வெட்டியவர் இந்த ஒரு தகட்டை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டேன்.

"இத மட்டும் வெட்டாதீங்க, இது ஏரோப்ளேன்ல இருக்குதுன்னு அழுதுக்கினே சொன்னாரு, ஆளு லூசு போலன்னு நெனச்சேன், ஆனா வெட்ட மனசு வரல."

அந்த வாரத்துக் கேசு

அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறான். அண்ணன் ஒருவரைக் கொன்றிருக்கிறான். இரண்டையும் ஒரே பஸ் பயணத்தில் சுமந்துகொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டால் அவன் எங்கேயோ பத்திரமாக இருப்பான். ஆனால் அடிபட்டவருக்கும் ஒரு வீடு இருக்குமே, அங்கேயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்தபோது தாங்கவில்லை. இறங்கி நேரே ஸ்டேஷனுக்குப் போய், திருப்பிப் போட்ட படம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். செத்தது யார், அவர் வீட்டு விலாசம் என்ன என்று கேட்டேன்.

ஏட்டு என்னைத் திட்டவில்லை. வழியில் இருக்கிற ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன் போட்டு, அந்த வாரத்து விபத்துகளை விசாரித்தார். அரை மணி நேரம் ஆனது. கடைசி போனை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அந்த ரோட்ல அந்த வாரம் மனுஷன் யாரும் அடிபடலம்மா, விடியக்காலையில ஒரு எருமை மாடுதான் செத்துக் கெடந்துச்சாம்."

அண்ணன் இன்னும் வரவில்லை. கொல்லாத ஒரு ஆளுக்குப் பயந்து எங்கேயோ காலை இழுத்துக்கொண்டு நடக்கிறான். யாரோ ஓட்டிய விமானத்தில் ஒரு ஆணி இடம் மாறினாலும் கண்டுபிடித்துக் கடிதம் போடுகிற ஆட்களுக்கு நடுவில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டிய நான், சொந்த அண்ணன் லாரிக் கீறல் எந்தப் பக்கம் வளையும் என்பதில் கோட்டை விட்டேன்.