மூணு நூல் போல்ட்

இரும்புக் கடையில் யாராவது மூணு நூல் போல்ட் கேட்டால் இன்றைக்கும் என் தலை தானாகத் திரும்பும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு எங்கள் மதுரைப் பட்டறைகளில் நூல் என்று பெயர். மூணு நூல் என்றால் எட்டில் மூன்று. செல்லூரில் தறிக்குப் போகிற நூலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை என் புரோகிராமுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த லட்சணம்தான் பின்னால் சந்தி சிரித்தது.

எண்பதுகளின் கடைசியில், அவனியாபுரத்தில் விசைத்தறி உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கணிதப் பட்டத்தோடு ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்திருந்த என்னை அதற்கென்று வேலைக்கு எடுத்தார் முதலாளி. ஸ்டோருக்கு என்ன வந்தது, என்ன போனது, மிச்சம் என்ன என்று அது சொல்ல வேண்டும். ஸ்டோர்கீப்பர் அண்ணனுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து. தூசு ஆகாதென்று கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. "செருப்பைக் கழட்டிட்டுப் போறதுக்கு இது என்ன மீனாச்சி கோயிலா தங்கச்சி?" என்று என் அறை வாசலில் நின்று கிண்டல் பண்ணுவார். ஆனால் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

மூன்றாம் மாதம் மிஷின் முதல் பட்டியலை அச்சடித்தது. எட்டில் மூன்று போல்ட் முந்நூறு வாங்கியிருக்கிறது, முந்நூறும் இருப்பில் இருக்கிறது என்றது. முதலாளி போய்ப் பெட்டியைத் திறந்தால் பதினொன்று கிடந்தது. சாமான் கொடுக்கும்போது ஸ்டோரில் எழுத வேண்டிய சீட்டில்லாமல் வெளியே போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். என்னைக் கூப்பிட்டு மிஷின் சரிதானா என்று ஒரு முறை கேட்டார். மிஷின் தப்புப் பண்ணாது சார் என்று நான் மார்தட்டினேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அண்ணன் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். மறுநாள் மாலைக்குள் கணக்குக் காட்டாவிட்டால் வேலை போய்விடும், பேரும் போய்விடும். வெளியே வந்தவர் என்னிடம் கோபப்படவில்லை. "நான் எடுக்கல தங்கச்சி. உங்க மிஷினு பொய் சொல்லுதுன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு வெளங்கல, அம்புட்டுத்தான்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் அவர் எழுதிய சீட்டுக் கட்டைப் பிரித்தேன். சீட்டுக்குச் சீட்டு மூணு நூல், மூணு நூல் என்றிருந்தது. அத்தனையையும் மிஷினில் தட்டியதே நான்தான். தட்டியது கைதான், புத்தி கூடப் போகவில்லை. கடைக்காரர் பில்லில் உள்ள 3/8ஐ அடித்துப் பார்த்தேன்: .37. அண்ணனின் மூணு நூலை அடித்தேன்: .36.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும் என்று வாலை வெட்டியவள் நான். எட்டில் மூன்று .375, வெட்டினால் .37. ஒரு நூல் .125, அதையும் வெட்டி .12 ஆக்கி மூன்றால் பெருக்கச் சொல்லியிருந்தேன். வந்த போல்ட் ஒரு அளவில் ஏறியது, போன போல்ட் இன்னொரு அளவில் கழிந்தது. வரவே இல்லாத அந்த .36ஐப் பட்டியலில் காட்டவும் நான் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தேன். போனது இருநூற்று எண்பத்தொன்பது. மிச்சம் பதினொன்று.

முதலாளியிடம் நேரே போய், தப்பு மிஷினுடையது இல்லை, அண்ணனுடையதும் இல்லை, என்னுடையது என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் மார்மேல் இருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கிவைத்தது போலிருந்தது. அதன்பின் எல்லா அளவையும் அங்குலத்தின் அறுபத்துநான்கில் ஒரு பங்காக, முழு எண்ணிலேயே வைத்தேன். ஒரு நூலுக்கு எட்டு, அரை நூலுக்கு நாலு. வெட்ட வாலே கிடையாது. 'மூணு நூல், கொஞ்சம் கம்மி' என்று அண்ணன் எழுதுகிற சீட்டுகளுக்கு மிஷின் தானாக முடிவு செய்யாமல், எவ்வளவு என்று திருப்பிக் கேட்கும்படி செய்தேன். இத்தனை வருடம் எத்தனையோ புரோகிராம் எழுதிவிட்டேன். திருப்பிக் கேட்பதை மட்டும் விடவில்லை.

முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு அண்ணன் என் அறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, திருத்திய பட்டியலில் ஒரு பிரதி கிடைக்குமா என்றார். ஸ்டோரில் ஒட்டவா என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி, வீட்டுக்கு. நேத்து எம் பொண்டாட்டி ஒரே ஒரு வார்த்த கேட்டா, எடுத்தீகளான்னு."