வெட்டிய மரத்தின் மேல் செய்த ஜெபம்

ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ணும் என் சகோதர சகோதரிகளுக்கு வாழ்த்துதல்.

இந்தச் சாட்சியை நான் சொல்லலாகாது என்று நம் சபையின் மூப்பர் ஒருவர் தடுத்தார். சாட்சி வேளையில் எழுந்த என்னைச் சட்டையைப் பிடித்து அமர்த்தி, "பாப்பாவுக்கு முழுசா சொகமாவட்டும் தம்பி. அப்பால சொல்லுங்க. இப்ப சொன்னா புதுசா வந்தவங்க இடறிப் போவாங்க" என்றார். எந்த மேடையிலும் எவர் தடுத்தும் அமராத நான் அன்று அமர்ந்தேன். என் மகள் கிருபாவுக்குக் காது கேட்காது. இனிக் கேட்கப்போவதும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். முழுச் சுகத்துக்குக் காத்திருந்தால் இந்தச் சாட்சி என்னோடு மண்ணுக்குள் போகும். ஆகவே இப்போதே சொல்கிறேன்.

நான் மேடைப் பேச்சில் பயிற்சி பெற்றவன். இடஒதுக்கீடு சலுகையா, உரிமையா என்று நாடே வழக்காடிய அந்த ஆண்டுகளில், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், மணலூர்பேட்டை என ஊர் ஊராகச் சென்று உரிமை என்ற அணியில் நின்று பேசினேன். தோற்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய்யாகும்.

வீட்டை மட்டும் நான் பொருட்படுத்தியதில்லை. கச்சிராயபாளையம் பக்கம், வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும் ஓட்டு வீடு அது. என் மனைவி எஸ்தர் சாமைச் சோறு வடிப்பாள். மகள் தட்டைத் தட்டிக்கொண்டிருப்பாள். நான் மறுநாள் பேச்சை மனத்துக்குள் அடுக்கியபடி உண்பேன். என்ன உண்டாய் என்று எவரேனும் கேட்டிருந்தால் பதில் தெரிந்திராது.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் போராட்டம் உச்சத்தில் இருந்த ஒரு புரட்டாசியில் கிருபாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு இரண்டு வயது. மறுநாள் காலை கழுத்தை அசைக்க முடியாமல் விறைத்துக் கிடந்தாள். ஊர் நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கினு போங்க" என்றார். ஒரு வேன்காரரைக் கெஞ்சி அழைத்துப் புறப்பட்டோம். பாதி வழியில் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள்.

நான் இறங்கி வாதாடினேன். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாப்பா, நீ அந்தப் பேச்சாளன்தானே? நம்ம பங்குக்குத்தானே பேசுன? மரத்து மேல ஏறி நாலு வார்த்தை பேசு. பசங்க காலையிலேர்ந்து சோர்ந்து கெடக்கறாங்க. பேசுனா கெளைய வெட்டி வேனுக்கு வழி வுடறோம்."

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லைங்க."

"அதான் வழி வுடறோம்ன்றேனே. ஏறுப்பா."

ஏறினேன். ஏறும்போது மனத்துக்குள் ஜெபித்தேன். அந்த ஜெபத்திலும் மேடை வாசனை இருந்தது: "ஆண்டவரே, என் மகளின் உயிரை மட்டும் விட்டுவிடும். வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்."

பிறகு பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கைதட்டினார்கள். "இன்னும் கொஞ்சம் பேசுப்பா" என்றார்கள். கிளையில் ஒருவரும் கத்தி வைக்கவில்லை. மீண்டும் பேசினேன். திரும்பிப் பார்த்தபோது வேனில் எஸ்தர் இல்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சாலையோரக் கரும்புக்குள் புகுந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்விட்டிருந்தாள். கரும்புச் சோகை அவள் முகத்தையும் கைகளையும் கீறியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அந்தப் பக்கம் வந்த பால்காரர் ஒருவர் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நான் ஓடி ஆஸ்பத்திரியை அடைந்தபோது பிள்ளைக்கு ஊசி போட்டாகிவிட்டது.

மூளைக்காய்ச்சல். உயிர் தங்கியது, செவி போயிற்று. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா ஒருவேளை..." என்று மருத்துவர் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

அதன்பின் என் நாக்கு எனக்குக் கசந்தது. மரம் வெட்டியவர்களின் கோரிக்கையை நான் இன்றும் நியாயம் என்றே வாதிடுவேன். ஆனால் மேடையை விட்டேன். ஜெபத்தையும் விட்டேன். வேறு எதை வேண்டுமானாலும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தவன் நான். கடவுள் அதன் வழியே வந்து என் பிள்ளையின் காதை எடுத்துக்கொண்டார் என்று நம்பினேன். சாப்பாட்டுக்கு முன் எஸ்தர் ஜெபிப்பாள். நான் சுவரைப் பார்த்திருப்பேன். சபையிலோ, "அவரு விசுவாசம் கம்மி, அதான் சொகம் பாதியில நின்னுபோச்சு" என்று பேசிக்கொண்டார்கள். என் காதுகள் நன்றாகவே கேட்கும், சகோதரரே.

இப்படியே ஓராண்டு சென்றது. ஒரு நாள் மாலை கிருபா கரண்டியால் அலுமினியக் குண்டானை அடித்துக்கொண்டிருந்தாள். அது எழுப்பும் ஓசை அவளுக்குத் தெரியாது. கை அதிர்வதுதான் அவளுக்கு விளையாட்டு. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏ எஸ்தரு, உம் பொண்ணு எங்க காதையும் எடுத்துட்டுதான் வுடுவா போல கீதே."

எஸ்தர் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "எல்லாரும் பங்கு கேக்கற காலமாச்சேக்கா. உங்களுக்கும் ஒரு பங்கு வாணாவா?"

நான் சிரித்துவிட்டேன். ஓராண்டுக்குப் பின் வந்த முதல் சிரிப்பு. என் வாயைப் பார்த்த கிருபாவும் காரணம் தெரியாமல் சிரித்தாள். சிரித்த வாயோடு, மரத்தின் மேல் நான் செய்த ஜெபத்தை எஸ்தரிடம் முதல் முறையாகச் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு உடைந்துவிட்டது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆண்டவரு இன்னா, பேச்சுல ஓட்டையைத் தேடற வக்கீலா? அது உங்க வேலை. நீங்க உசுரைக் கேட்டீங்க. உசுரு இதோ குண்டானை அடிச்சிக்கினு கீது. வாங்க, சோறு ஆறுது."

எழுந்து போய்ச் சோற்றின் முன் அமர்ந்தேன். மரத்தின் மேல் எனக்குச் சொற்கள் வெள்ளமாய் வந்தன, வழி திறக்கவில்லை. சொல் ஏதும் இன்றி எஸ்தர் கரும்புக்குள் இறங்கினாள், அவள் காலடியில் வழி இருந்தது. என் ஜெபத்துக்கு வந்த பதில் வேனைவிட்டு இறங்கி நடந்து போனதை நான் மேடைமேல் நின்றதால் காணவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு நான் ஜெபித்தேன். கிருபா என் மடியில் ஏறி, என் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். குண்டானில் கண்ட அதிர்வு அங்கேயும் இருந்ததில் அவளுக்கு வியப்பு. அன்று முதல் எங்கள் வீட்டில் இதுவே வழக்கம். நான் ஜெபிப்பதை அவள் கையால் கேட்கிறாள். நான் ஜெபத்தை நீட்டினால் அவளுக்குச் சலிப்பு வந்துவிடும். கையை எடுத்துச் சோற்றில் வைத்துவிடுவாள். அங்கே ஆமென்.

கசப்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வழியில் அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றும் என் பல் கடிபடுகிறது. ஆனால் நேற்று உண்டது சாமைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். குழம்பில் உப்புச் சற்றுத் தூக்கல். இதை என்னால் சொல்ல முடிகிறது. இதுவே எனக்கு நடந்த அற்புதம்.

பாதி சுகத்தோடு, பாதி பதிலோடு பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களே, எழுந்து சொல்லுங்கள். சட்டையைப் பிடித்து இழுத்தால் இழுக்கட்டும். நீங்கள் கேட்டதில் எது உங்கள் வீட்டில் உயிரோடு சத்தமிடுகிறதோ, அதற்காக இன்று நன்றி சொல்லுங்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். சோறு ஆறிவிடும்.