வேன் வந்த பிறகு எங்கள் பால் சங்கம்

பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் என்பவர் மாட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நிற்பவர். உதை இரண்டு பக்கமும் வரும். ஏதாவது ஒரு சங்கத்தில் பொறுப்பேற்று மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யூனிஃபார்ம் வரிசை

கெலமங்கலம் பக்கம், தமிழும் தெலுங்கும் புழங்கும் எல்லையோர ஊர் எங்களுடையது. காலை ஆறு மணிக்குத்தான் சங்கத்தில் பால் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உறுப்பினர்களில் பாதிப் பேர் பால் கறந்த கையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். அதனால் முன்கூட்டியே திறப்பதும், யூனிஃபார்ம் போட்டவர்களை முதலில் விடுவதும் எங்கள் வழக்கம். ஒருநாள் விதியைக் கறாராகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் பால் தூக்கோடு நின்ற ரத்னா சொன்னாள்: "ஆறு மணின்னு எழுதுனவரு ஒரு நாளு எங்க பஸ்ஸப் புடிச்சிக் காட்டட்டும் சார்!"

ஒற்றை மாடு

பிறகு தனியார் பால் வேன் வந்தது. விலையும் கூடக் கொடுத்தது. நாலைந்து மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். பால் இப்படியே குறைந்தால் சங்கத்தை மூடிவிடுவோம் என்று மேலிடம் எச்சரித்தது. எனக்கு வேலை போய்விடுமே என்று கவலை. பாப்பக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை. அவளுக்கு ஒற்றை மாடு. அது கறக்கும் கொஞ்சம் பாலுக்காக வேன் நிற்காது. சங்கமும் போனால் அவள் பாலை எங்கே கொண்டுபோய் ஊற்றுவாள்? அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

உறுப்பினர் கூட்டத்தில் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கெஞ்சினேன். "விலை குடுக்கறவனுக்குத்தானே ஊத்துவோம்" என்று, வேனுக்கு மாறியிருந்த கிருஷ்ணப்பா முடித்துவிட்டார். அவர் பக்கத்து வீட்டுப் பாப்பக்கா எழுந்தாள்: "உங்க மாட்டுக்குக் காய்ச்சல் வந்தப்ப டாக்டரக் கூட்டியாந்தது வேனா, சங்கமா, கிருஷ்ணப்பண்ணா?"

நீலக் கேன்

மறுவாரம் கூட்டுறவு ஆய்வாளர் நேரில் வந்தார். அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் சங்கத்தின் ஆயுள். பார்த்தால், கிருஷ்ணப்பா முதலாக வேனுக்குப் போன அத்தனை பேரும் வரிசையில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், எல்லார் கையிலும் வேன்காரன் கொடுத்த நீலக் கேன், அவன் கம்பெனிப் பெயரோடு.

ஆய்வாளர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள் கூத்தா?" என்றார். கிருஷ்ணப்பாதான் முன்னால் வந்தார். "கேனு அவனுது சார், பாலு நம்முளுது. நாளைக்கும் வந்து பாருங்க."

மனிதர் மறுநாள் மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தார். வரிசை குறையவில்லை. கடைசி நாள் பாப்பக்கா ஊற்றி முடிக்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னார்: "சங்கத்த மூட வேணாம்னு எழுதிடறேன், அந்தக் கேனை மட்டும் அவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துடுங்கப்பா."

கூட்டுறவு என்பது வேறொன்றுமில்லை, தனியாக இருக்கும்போது விலை பார்க்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரியோடு வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் வெட்கப்படுவதுதான்.