சம்பவமே இல்லாத கூட்ரோடு

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, டிரங்க் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் ரைட்டர் ஏட்டு. ஸ்டேஷனை விட்டுப் போகிற ஒவ்வொரு காகிதமும் என் கையெழுத்தில்தான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அனந்தபுரம் பக்கமிருந்து மயிலம் போகிறவர்கள் ரெண்டு ரோடும் சந்திக்கிற எங்கள் கூட்ரோட்டில் டிரங்க் ரோட்டைக் குறுக்கே தாண்டியாக வேண்டும். ரோட்டில் கரியில் ஓடுகிற பஸ், கட்டை வண்டி, இவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாக மிலிட்டரி லாரிகள். அவை யாருக்காகவும் நிற்காது. அந்த இடத்தில் எங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் தினமும் நின்றார். வயதில் என்னைவிட மூத்தவர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் பாக்கி.

அவர் வேலையை நின்று பார்த்தால்தான் அருமை தெரியும். வண்டிக்காரர்களை அடிக்க மாட்டார், வழக்கும் போட மாட்டார். ஹாரன் சத்தத்துக்கு யாருடைய மாடு மிரளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "எறங்கு மாமா, மூக்கணாங்கயித்தப் புடிச்சிக்கினு நட" என்பார். லாரி வரிசையில் கடைசி வண்டியில் பச்சைக் கொடி கட்டியிருக்கும். நடுவில் எவ்வளவு நேரம் ரோடு காலியாகக் கிடந்தாலும், அந்தக் கொடி போகும்வரை ஒரு வண்டியையும் விடமாட்டார். "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்று வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். இவர் சிரித்துக்கொண்டே கையைக் குறுக்கே நீட்டியபடி நிற்பார். மூன்று வருஷம் அங்கே ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, தொப்பியைத் திருகிக்கொண்டே கேட்டார். "ஏட்டையா, இத்தினி வருச சர்வீசுல என் புக்குல ஒரு நல்ல வார்த்த ஏறல. ஒண்ணே ஒண்ணு எழுதி வாங்கிக் குடுத்தீங்கன்னா ஏட்டா ஆயி வூட்டுக்குப் போவேன்."

இது நியாயம்தானே! உடனே சிபாரிசு பாரத்தை எடுத்தேன். பிடித்த திருடர்கள் எத்தனை, மீட்ட சொத்து எவ்வளவு, போட்ட வழக்கு எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் எழுத முடிந்தது. கீழே குறிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் என் புத்திசாலித்தனத்தையெல்லாம் கொட்டி, 'இவர் நிற்கும் கூட்ரோட்டில் மூன்று வருஷமாக ஒரு சம்பவமும் இல்லை' என்று இங்கிலீஷில் எழுதினேன். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தே நாளில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. சம்பவமே இல்லாத இடத்துக்கு ஆள் எதற்கு? அந்த டியூட்டியை எடுத்துவிட்டு, அவரை விழுப்புரத்துக்குப் பாரா நிற்க அனுப்பவும்.

அதை நானே அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

"இன்னா ஏட்டையா, ஒண்ணும் நடக்கலன்னா எழுதினீங்க? நடக்காம பாத்துக்கினேன்னு எழுதக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மட்டும், "பச்சக் கொடி சமாச்சாரத்த அடுத்து வர்றவன்கிட்ட சொல்லிடுங்க" என்றார். சரி என்றேன். ஆனால் அடுத்து யாரும் வரவில்லை. வண்டிக்காரர்களிடமாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் கூட்ரோடு. போகவில்லை. இதெல்லாம் ரைட்டர் வேலையா என்று இருந்துவிட்டேன், பாவி.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மயிலத்தில் பிள்ளைக்கு மொட்டை போட அனந்தபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று வண்டி கட்டிக்கொண்டு வந்தது. லாரிகள் போய் முடிந்தன என்று நினைத்து ரோட்டில் இறங்கியிருக்கிறார்கள். பச்சைக் கொடியோடு பின்தங்கி வந்த கடைசி லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பிள்ளை பிழைத்தது. தாய் அங்கேயே முடிந்துபோனாள். நடந்ததைப் பதிவு செய்து மகஜர் எழுதியது நான்தான்.

அந்த லாரியை எங்கள் ஸ்டேஷன் வாலிபக் கான்ஸ்டபிள் ஒருவர் வழியில் வந்த காரை நிறுத்தி ஏறித் துரத்திப் போய் விழுப்புரத்துக்கு முன்னாலேயே மடக்கினார். அவருக்கும் நானே சிபாரிசு எழுதினேன். இந்தத் தடவை ஒரு கட்டமும் காலியில்லை. விழுப்புரத்தில் பரேடு வைத்து, எல்லார் முன்னாலும் கைகுலுக்கிச் சான்றிதழ் கொடுத்தார்கள். மைதான வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்றவர் நம் பழைய கான்ஸ்டபிள்.

பரேடு முடிந்து நான் வெளியே வந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வண்டியில பூட்டியிருந்தது செவல மாட்டு ஜோடிதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அதுல வலத்து மாடு சத்தம் கேட்டா நகராது ஏட்டையா. நட்ட நடு ரோட்ல நின்னுடும். நான்தான் கயித்தப் புடிச்சி இஸ்துக்கினு போவேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் கான்ஸ்டபிளாகவே ரிட்டயர் ஆகிப் போனார். எனக்கு அப்புறம் பிரமோஷன்மேல் பிரமோஷன். அழகாக எழுதுகிறவன் என்று என் சர்வீஸ் புத்தகத்தில் பாராட்டுகூட ஏறியது. நான் எழுதிய ஒரு வரியால் ஒரு பிள்ளை தாயில்லாமல் வளர்ந்தது என்பதை மட்டும் யாரும் எதிலும் எழுதவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த கணக்காக இந்த வயதிலும் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.