என்கிட்ட இருக்கிறதை வாங்கிக்கோ

இதைக் கேட்டு என் வீட்டுக்காரரே சிரித்தார். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது நடந்ததுதான்.

கொரியாவில், சுவொன் நகருக்கு வரும் சுற்றுலாக்காரர்களைக் கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் கூட்டிப்போவது என் பிழைப்பு. நானும் கும்ரே அக்காவும் கூட்டாகச் செய்தோம். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். அவள் வீட்டில் ஒரு வாய் சோறு என்றால் அதில் பாதி எனக்கு.

எங்கள் வருஷத்தின் முதல் பௌர்ணமிக்கு ஒரு விளையாட்டு உண்டு. விடியுமுன் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் "என்ன?" என்று கேட்டுவிட்டால் போதும். "என் வெக்கையை வாங்கிக்கோ" என்று சொல்லிவிடலாம். வரும் கோடையில் நம் வெக்கை அவருக்குப் போய்விடும். அதனால் அன்று காலை யார் கூப்பிட்டாலும் எவரும் வாயைத் திறப்பதில்லை.

நான் திறந்துவிட்டேன்.

வாசலில் கும்ரே அக்கா. அழுகிற குரல். "சொனோக்…"

பதறிப்போனேன். "என்னக்கா, என்னாச்சு?"

"என்கிட்ட இருக்கிறதை வாங்கிக்கோ."

வெக்கை என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. என் தோளுக்குப் பின்னால் ஒருதரம் பார்த்தாள். விறுவிறுவென்று போய்விட்டாள்.

அன்று பூசானிலிருந்து ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் அரண்மனைக்குப் போகுமுன் பழங்காலத்து உடை வாடகைக்கு எடுக்க அழைத்துப்போனேன்.

"ஏழு பேருக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆறு."

"ஒருத்தங்க உடுத்திட்டே வந்துட்டாங்களே. அதான் கேட்டேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆறு பேர்தான். ஆனால் படியில், அவர்கள் செருப்புகளோடு இன்னொரு ஜோடி. வெள்ளை ரப்பர் செருப்பு, அந்தக் காலத்தது. சொட்டச் சொட்ட ஈரம். ஊரில் ஒரு வாரமாக மழையே இல்லை…

மத்தியானம் சந்தையில் சூப் குடிக்க உட்கார்ந்தோம். கடைக்காரம்மா எனக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு கரண்டி வைத்தாள்.

"அங்க யாரும் இல்லையே?"

"கிண்டலா? ஆறினப்புறம் குடிக்கிறேன்னு இப்பதானே சொன்னாங்க."



கோட்டைச் சுவர் மேல் படம் எடுத்தேன். ஆறு பேரும் நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி.

"நெருங்கி நில்லுங்க."

"அவங்க மேல இடிக்குதே," என்றாள் ஒருத்தி.

"யார் மேல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

இறங்கி நடந்தேன்.

சப்… சப்…

ஈரக் கால். என் பின்னால்.

நின்றேன்.

அதுவும் நின்றது.

எப்படிக் கும்ரே அக்கா வீட்டுக்கு ஓடினேனோ தெரியாது. பண்டிகைக்கு வாதுமைக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில்.

"என்னக்கா வித்தே எனக்கு?"

சிரிப்பு போய்விட்டது. "எப்படி ஒட்டுச்சுன்னு எனக்கே தெரியாதுடி. ரெண்டு வருஷமா பின்னாலயே வந்துச்சு."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"எல்லார்கிட்டயும் போய்ப் பார்த்தேன். அண்ணன், நாத்தனார், பெத்த மக… ஒருத்தரும் வாய் திறக்கல. நீ ஒருத்திதான் என்னாச்சுன்னு கேட்டே."

பாவம், வேறு வழியில்லாமல் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். வயிறு எரிந்தாலும் மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த மாதமே அவள் ஜேஜூ தீவுக்குக் குடிபோய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

போன வாரம் அவள் மகள் மின்ஜோங்கைச் சந்தையில் பார்த்தேன். புதிதாக மேக்கப் சாமான் கடை போட்டிருக்கிறாள்.

"அந்தப் பௌர்ணமிக்கு உங்கம்மா கூப்பிட்டப்போ நல்லவேளை நீ பேசல," என்றேன்.

"அம்மா எங்களை எங்க கூப்பிட்டாங்க, சித்தி? யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதீங்கன்னு முந்தின நாளே எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டாங்க. காலையில நேரா உங்க வீட்டுக்குத்தான் கிளம்பினாங்க. சொனோக்குன்னா கேட்ட உடனே பதில் சொல்லுவான்னாங்க."

எல்லாரையும் காப்பாற்றிவிட்டு, என்னிடம் மட்டும் வந்திருக்கிறாள். பாவி.

கடையை விட்டு இறங்கினேன். பின்னாலிருந்து மின்ஜோங் கூப்பிட்டாள்.

"சித்தி… கூட வந்தவங்க இங்கயே நிக்கிறாங்களே. காலெல்லாம் ஈரமா இருக்கு. உட்காரச் சொல்லட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை.