பீப்பாய்க்குள் விட்ட குச்சி

நொயேலி பூவரே எதையும் நம்ப மாட்டாள். சந்தையில் பிரெஸ் கோழி வாங்கினால், அந்த ஜாதிக்கே அடையாளமான நீலக் காலை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பாள், சாதாரணக் கோழிக்குச் சாயம் பூசியிருப்பார்களாம். வசந்தத்தில் மொரில் காளான் பறிக்கப் போனால், யாராவது பின்னால் வந்து இடத்தைத் தெரிந்துகொள்வார்கள் என்று ஊரையே சுற்றிக்கொண்டு போவாள். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். எனக்கே இன்றுவரை அந்த இடம் தெரியாது. அதில் எனக்குக் கோபம்தான்.

அவள் புருஷன் அர்மான் சாவதற்கு முன் கடைசியாக நிரப்பிய பீப்பாய் நிலவறையில் இருந்தது. பிரான்ஸில் எங்கள் ஜுரா மலைப்பக்கத்துக்கே உரிய மஞ்சள் ஒயின். ஆறு வருஷத்துக்கு மேல் அதைத் தொடவே கூடாது. ஒயின் தானாகக் குறையும், குறையட்டும் என்று விடவேண்டும். மேலே பாலாடை மாதிரி ஒன்று படியும். அது கலைந்தால் ஒயின் புளித்துப்போகும். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

அவளுடைய மகள் லிஸ் கட்டிக்கொண்டதோ பக்கத்துச் சீமையான பர்கண்டிக்காரனை. அங்கே பீப்பாய் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குக் கை பரபரக்கும். மாப்பிள்ளை ரெமி வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து நொயேலிக்கு அவன் பீப்பாயை நிரப்பிவிடுவான் என்றே சந்தேகம். நிலவறைச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அவன் குடத்தோடு தோட்டத்துப் பக்கம் போனால் இவள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்பாள், சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்பாள்.

சாவி கழுத்தில் இருந்தும் மனசு ஆறவில்லை. தூங்கும்போது எடுத்திருந்தால்? அதனால் பீப்பாயின் அடைப்பைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு, ஒயின் எதுவரை நனைக்கிறது என்று கத்தியால் கீறி வைத்தாள். மட்டம் ஏறினால் திருடன் அகப்படுவான். மாதாமாதம் இதே வேலை. ஒருமுறை நான் போய் நின்றபோது கையும் குச்சியுமாக மாட்டினாள். "மெல்லிசு குச்சிதான்டீ, ஒண்ணும் ஆகாது" என்றாள். குச்சி பட்டாலும் பாலாடை கலையும் என்று நான் எச்சரித்தேன். பாலாடைக்கட்டி விற்கிறவளுக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆறு வருஷக் கெடு முடிந்து, பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் பீப்பாயைத் திறந்தார்கள். மேலே கோழியும் மொரில் காளானும் பாலேட்டில் கொதித்துக்கொண்டிருந்தன. வால்நட்டும், என் கடையின் பழுத்த கொம்தே பாலாடைக்கட்டியும் தட்டில் தயாராக இருந்தன. அந்தக் குழம்புக்குள்ளும் அதே ஒயின் விழவேண்டும், பக்கத்துக் கிளாசிலும் அதே ஒயின் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் எங்களுக்கு அது விருந்தே இல்லை.

நொயேலி, ரெமி, நான் மூவரும் கீழே நிலவறைக்குப் போனோம். ரெமிதான் முதலில் முகர்ந்தான். அவன் முகம் வாடியது. காடி வாசனை எனக்கே அடித்தது. பீப்பாய்க்குப் பின்னால் குச்சி கிடந்தது, மேலிருந்து கீழ்வரை கீறல். அவன் அதையும் பார்த்தான், நொயேலியையும் பார்த்தான். பிறகு காலால் அதைப் பீப்பாய்க்கு அடியில் தள்ளிவிட்டான்.

மேலே எல்லோரும் வெறும் கிளாசோடு காத்திருந்தார்கள். அர்மானின் தம்பி என்ன ஆயிற்று என்று கேட்டார். நொயேலி கழுத்துச் சாவியைப் பற்றிக்கொண்டாள்.

"நான்தான் ஊத்தி நிரப்பிட்டேன். எங்க ஊர்ப் பழக்கம் விடல" என்றான் ரெமி.

மேசையே அவன்மேல் பாய்ந்தது. பர்கண்டிக்காரனை வீட்டுக்குள் விட்டால் இதுதான் என்றார்கள். லிஸ் அழுதாள். அவன் தலைகுனிந்து கோழியைப் பரிமாறினான். நொயேலி என் காதருகே குனிந்தாள். "எதுக்குடீ பொய் சொல்றான்? இதுல அவனுக்கு என்ன லாபம்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தொடையைக் கிள்ளினேன்.

அவள் வெகுநேரம் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து, அது தன் குச்சியின் வேலை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை ரெமியின் தட்டருகே வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்க, மாப்பிள்ள. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."