பீடத்தின் பின்பலகை

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு மாதா கோயில். அதன் பீடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை எனக்குக் கிடைத்தபோது, வழக்கம்போல எதிரிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டேன். கரையான், ஈரம், வௌவால், யாரோ நல்லெண்ணத்தில் பூசிவிட்ட சிமென்ட். நேர்ச்சை அந்தப் பட்டியலில் இல்லை. கட்டடக்கலைப் படிப்பில் அதற்குப் பாடம் கிடையாது.

பீடம் என்று ஊரார் சொல்வது பூசை வைக்கும் மேசையை மட்டுமல்ல. மேசைக்குப் பின்னால் மாதா, புனிதர்களின் சுரூபங்களைத் தாங்கிக்கொண்டு கூரை வரை எழும் தேக்கு வேலைப்பாடு முழுவதும் பீடம்தான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு குடும்பம் அதற்குப் பெயின்ட் உபயம் செய்வது அந்தக் கோயிலின் வழக்கம். கொடியேற்றத்துக்கு முன் அடித்து முடித்துவிட வேண்டும். நிறம் அந்தக் குடும்பத்தின் விருப்பம். இப்படி வருடா வருடம் எனாமலில் மூழ்கியதில், நான் போனபோது மரத்தில் செதுக்கிய தேவதூதர்களுக்கு மூக்கு இல்லை. திராட்சைக் குலைகள் போண்டா மாதிரி இருந்தன.

முதலில் ஒரு தூணில் மட்டும் சின்னக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு பூச்சு கூடுதலாகச் சுரண்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் அடர்நீலமும் தங்க ரேக்கும் அப்படியே இருந்தன. எனக்குச் சந்தோஷம். மாலையில் ஜெபமாலைக்கு வந்த பெண்களுக்கும் சந்தோஷம், ஆனால் காரணம் வேறு.

"இந்தப் பச்ச எங்க மாமனாரு அடிச்சது."

"அந்தக் காப்பிக் கலரு உங்க வூடுதான? அப்பவே சொன்னேன், மாதா கோயிலா மாட்டுக் கொட்டாயான்னு."

"உங்க ஆரஞ்சுக்கு அது தேவலாம், போ."

சுரண்டுவதை ஒருவரும் எதிர்க்கவில்லை. அடுத்தவர் வீட்டு நிறம் போவதில் எல்லோருக்கும் திருப்தி இருந்தது.

எதிர்ப்பு வந்தது அந்த வருடத்து உபயகாரரிடமிருந்து. கரும்பு டிராக்டர் ஓட்டுபவரின் மனைவி. மகளுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தால் பீடத்துக்கு ரோஸ் கலர் அடிப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தார். வேலை கிடைத்து, மகளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் தேவதூதர்களின் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் பெயின்ட் டின்களைப் பீடத்துப் படியில் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா பாப்பா, சுரண்டி முடிச்சிட்டியா? நாளைக்கு ஆள வரச் சொல்லட்டா?"

"அக்கா, இனிமே இதுல பெயின்ட் அடிக்கக் கூடாதுக்கா. அடியில தங்கம் இருக்கு."

"தங்கம் இருந்தா பேங்குல வையி. எனக்கு ரோஸ் அடிக்கணும்."

கோயில் சாமியாரான பங்குத்தந்தையிடம் போனோம். அவர் எனக்கும் தலையாட்டினார், அக்காவுக்கும் தலையாட்டினார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்றார். பிறகு மலையில் பூசை இருப்பதாகச் சொல்லி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். கல்வராயன் மலையில் ஏறிவிட்டால் போனில் சிக்னல் கிடைக்காது. திருவிழா நெருங்க நெருங்க அவருக்கு மலையில் பூசைகள் கூடிக்கொண்டே போயின.

அக்காவுக்கு மாற்று ஏற்பாடுகளை நானே யோசித்து, ஒவ்வொன்றாக முன்வைத்தேன்.

"வாசல் கேட்டுக்கு அடிக்கலாமா அக்கா?"

"ஆடு வந்து ஒரசறதுக்கா?"

"பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டு?"

"எம்பொண்ணு இன்னா பாவம் பண்ணா?"

"தேர்?"

"அது மேலத்தெருக்காரங்களுது. அவங்க சும்மா வுடுவாங்களா?"

மணிக்கூண்டுக் கதவு என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. படியில் உட்கார்ந்து, டின் மேல் கையை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உனக்கு இது வேல பாப்பா. எம்பொண்ணு அங்க தனியா கீறா. பீடத்துக்குன்னு சொல்லிட்டு நான் கேட்டுக்கு அடிச்சி, அவளுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

டின்களைப் படியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். தினமும் காலையில் அவர் வந்து டின்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் வயலுக்குப் போனார். அதற்குள் கொடியேற்றத்துக்காகக் கொடிமரத்துக்கு வார்னிஷ் அடித்துக் காயவைத்துவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் தச்சர்களும் நானும் பீடத்தின் பின்பலகைகளைப் பொருத்தினோம். பழைய பலகைகளைக் கரையான் தின்றிருந்ததால் அவை முழுக்கப் புது மரம். பீடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து உண்டு. ஈரம் ஏறாமலிருக்க அந்தப் பலகைகளுக்கு எதையாவது பூசித்தான் ஆக வேண்டும். பழையது எதுவும் அங்கே கெட்டுப்போக வழியில்லை. அக்காவைச் சந்துக்குள் அழைத்துப் போய், இங்கே ரோஸ் அடிக்கலாம் என்று காட்டினேன். அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"முதுகு பீடமாவுமா?"

அது என் படிப்புக்கு அப்பாற்பட்ட கேள்வி. பங்குத்தந்தை மலையிலிருந்து இறங்கும் நேரம் பார்த்துக் கோயில் வாசலில் இருவரும் ஒரு டின்னோடு காத்து நின்றோம். வண்டியிலிருந்து இறங்கவிடாமல் அக்கா கேட்டார். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார்.

"பின்பலகை இல்லன்னா பீடம் நிக்குமாம்மா?"

"அதெப்படி சாமி நிக்கும்?"

"அப்ப அதுவும் பீடம்தான்."

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அக்கா பக்கத்திலேயே நின்று பெயின்ட் அடிக்கவைத்தார். முன்பக்கம் ஒரு சொட்டும் வரக்கூடாது என்று நான் ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். டேப்புக்கு அடியில் கொஞ்சம் பலகையை நான் பதுக்கிவிட்டேனோ என்று அவர் விரலால் தடவிச் சோதித்தார். ரோஸ் என்றால் அப்படி ஒரு ரோஸ். சுவரிலும் அதன் சாயல் விழுந்தது.

கொடியேற்றத்தன்று விளக்குகளைப் போட்டதும் பீடத்தின் தங்கம் மின்னியது. தேவதூதர்களுக்கு மூக்கு வந்திருந்தது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு தூணோரமாக நின்றேன். பூசை முடிந்ததும் கூட்டம் முன்னால் வந்து, ஒரு பார்வை பார்த்து, "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, சாமியார் உடை மாற்றும் அறை வழியாகப் பின்னால் போக வரிசை கட்டியது. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நானும் அந்த வரிசையில் நின்றேன்.

சந்துக்குள் அக்கா பட்டுப்புடவையில், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குவைத்துக்கு வீடியோ காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடி? நேர்ச்சைய முடிச்சிட்டேன். இனிமே பயமில்லாம வேல செய்யி."

"சூப்பர்மா. முன்னாடி காட்டு. தங்கமெல்லாம் வெளிய எடுத்துக்கினு இருக்காங்கன்னு சொன்னியே."

"முன்னாடி இன்னாத்த காட்றது? எல்லாம் பழசு."

அப்போதுதான் என்னைக் கவனித்தார். கொஞ்சமும் சங்கடப்படாமல் என் தோளைப் பிடித்து இழுத்து, போனுக்கு முன்னால் நிறுத்தினார்.

"தோ, இதான் அந்தப் பாப்பா. நம்ம ரோஸ் அடிக்கறதுக்குன்னே பலகையெல்லாம் புச்சா போட்டுக் குடுத்துச்சி."

நான் குவைத்துக்குக் கையசைத்தேன்.